பழைய சரக்கு வண்டி வாங்கப் போறீங்களா? போனில் பத்து நிமிடம், பட்டறையில் ஒரு மணி நேரம்

(சிறுதொழில் செய்வோருக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் கேன் போடுகிறவர், காய்கறி ஏற்றுகிறவர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், ஈவென்ட் வேலைக்குப் பந்தல் சாமான் கொண்டு போகிறவர் என்று இங்கே பலரும் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயம், சரக்கு வண்டி. நாம் 'குட்டி யானை' என்று செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திரா பொலிரோ பிக்கப் என்று ஏதோ ஒன்று இல்லாமல் பிழைப்பு ஓடாது.

புது வண்டி எடுக்க எல்லோராலும் முடியாது. அதனால் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கிறோம். தப்பே இல்லை. ஆனால் அதற்குப் போடுகிற பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சீட்டு எடுத்த பணம், வீட்டில் நகையை அடகு வைத்த பணம், வட்டிக்கு வாங்கிய பணம். கார் பழுதானால் பஸ்ஸில் போய்விடலாம். சரக்கு வண்டி பழுதானால் அன்றைய வருமானம் போச்சு. வண்டி நின்றாலும் டியூ நிற்காது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? பெயிண்ட் பார்க்கிறோம், டயர் பார்க்கிறோம், இன்ஜின் சத்தம் கேட்கிறோம், விலை பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோம். பேப்பர் எல்லாம் கடைசியில்தான். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் பேப்பர், அடுத்தது வண்டி, கடைசியில் பணம். பேப்பர் சரியில்லாத வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம்.

முதலில் போனை எடுங்கள்

வண்டியின் பதிவு எண் தெரிந்தாலே போதும். எம்-பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வாகன விவரம் என்ற பகுதியில் வண்டி எண்ணைப் போடுங்கள். ஓனர் பெயர் முழுசாகத் தெரியாது, சில எழுத்துகள் மறைத்திருக்கும். மற்ற விவரங்களே நமக்குப் போதும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று, பதிவு தேதி. '2019 மாடல்' என்று விற்கிறவர் சொல்வார். பதிவில் 2017 என்று இருக்கலாம்.

இரண்டு, எப்.சி. எதுவரை இருக்கிறது. புது சரக்கு வண்டிக்கு முதல் எப்.சி. 2 ஆண்டு. அதன் பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, 8 வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை. எப்.சி. முடிய இன்னும் 2 மாதம்தான் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? டிங்கரிங், பெயிண்ட், பிரேக், லைட் என்று எப்.சி. வேலை முழுவதும் உங்கள் தலையில் விழப் போகிறது என்று அர்த்தம். விற்கிறவர் இப்போது ஏன் விற்கிறார் என்பதற்கான விடையும் சில நேரம் இதிலேயே இருக்கும்.

மூன்று, வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று இந்த மூன்றின் கடைசித் தேதிகள். வரி பாக்கி இருந்தால் அது வண்டியோடு சேர்ந்து உங்களிடம் வரும். பழைய வண்டி என்றால் பசுமை வரியும் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்கு, ஃபைனான்ஸ். வண்டி மீது கடன் இருந்தால் அடமான விவரம் பதிவில் இருக்கும். "டியூ எல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்வார்கள். முடிந்திருக்கலாம். ஆனால் ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் தடையில்லாச் சான்றையும், அவர்கள் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ஐயும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அடமானத்தை நீக்கும் வரை பதிவில் அது அப்படியேதான் இருக்கும். அது நீங்காத வரை, ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது.

ஐந்து, ஆர்.சி.யின் நிலை. செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா, வேறு மாநிலத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.

அடுத்து இ-சலான் தளம். வண்டி எண்ணைப் போட்டால் கட்டாத அபராதம் இருக்கிறதா என்று தெரியும். சரக்கு வண்டியில் இது முக்கியம். மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். விலையில் 15,000 ரூபாய் குறைத்து வாங்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு, பிறகு இரண்டு சலானைக் கட்ட வேண்டி வந்தால் அந்தச் சந்தோஷம் எங்கே போகும்?

ஒரு எச்சரிக்கை. 'உங்கள் வண்டிக்கு சலான் வந்திருக்கிறது, இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பும் மோசடி நடக்கிறது. அரசு யாருக்கும் அப்படி ஃபைல் அனுப்பாது. அதைத் தொடாதீர்கள். தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்கள்" என்று விலையைப் பாதியாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள்.

வண்டியின் எண்ணும் ஆர்.சி.யின் எண்ணும்

பதிவில் எல்லாம் சரி என்றால் வண்டியைப் பார்க்கப் போகலாம். போனதும் முதல் வேலை, சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பது. ஓர் எழுத்து கூட மாறக் கூடாது. பெயர் மாற்றப் படிவத்தில் சேஸ் நம்பரின் பென்சில் அச்சு கேட்பார்கள். அதனால் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொண்டு போய் அங்கேயே அச்சு எடுத்துப் பாருங்கள். எண் இருக்கும் இடம் சுரண்டியது போலவோ, மறுபடி அடித்தது போலவோ, சுற்றி வெல்டிங் வைத்தது போலவோ இருந்தால், என்ன காரணம் சொன்னாலும் கேட்காதீர்கள். கிளம்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று சந்தேகம் இருந்தால் காவல் துறையின் இணையவழிக் குடிமக்கள் சேவையில் வாகனத்தின் நிலையைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

சரக்கு வண்டியின் உடம்பு எங்கே அடிபடும்?

காரைப் பார்ப்பது போல சரக்கு வண்டியைப் பார்க்கக் கூடாது. இதன் நோய் வேறு. அதிக பாரம்தான் இதன் முதல் எதிரி. அதனால் மேலே பார்க்கும் முன் கீழே பாருங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? பின்பக்கம் கமான் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததை விட ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டிருந்தால் இந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பட்டை உடைந்திருக்கிறதா, தட்டையாகப் போய்விட்டதா என்றும் பாருங்கள்.

அடுத்தது சேஸ். முடிந்தால் பட்டறைக் குழியில் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். போனில் இருக்கும் டார்ச்சே போதும். கமான் பட்டையைத் தாங்கும் இடம், கேபினும் பாடியும் சேரும் இடம், இந்த இரண்டிலும் விரிசல், புது வெல்டிங், ஒட்டு வைத்த தகடு இருக்கிறதா? மற்ற இடமெல்லாம் அழுக்காக இருந்து ஓர் இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கலாம். சேஸ் வளைந்த வண்டிக்கு வைத்தியம் கிடையாது, டயரைத் தின்றுகொண்டே இருக்கும்.

மீன், உப்பு, ஐஸ், தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி என்றால் துருவைக் கவனியுங்கள். டெக் தகட்டின் மேலே ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். அடியில் இருந்து பாருங்கள், உண்மை தெரியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் சந்தைக்கு வரும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்கே தெரியும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் மண் கறை இருக்கிறதா? ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட் உள்ளே நீர்க்கறை இருக்கிறதா? இருந்தால் வயரிங் கோளாறு உங்களை விடாது.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் வெயிலில் வெடிக்கும். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் முன்பக்க ஜாயிண்ட், அலைன்மென்ட் வேலை இருக்கிறது.

இன்ஜின் ஆறிப் போயிருக்க வேண்டும்

"காலையில் 7 மணிக்கு வருகிறேன், நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஏஸ் வண்டியில் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டித் தயார் செய்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் பக்கம் வேலை இருக்கிறது.

பிறகு முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதே நேரம், பழைய ஏஸ் வண்டியின் 2 சிலிண்டர் டீசல் இன்ஜின் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். அதையும் கோளாறு என்று பயந்துவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது காலி வண்டியாக ஓட்டாதீர்கள். நீங்கள் ஏற்றப் போகும் சரக்கில் பாதியாவது ஏற்றி, ஒரு மேம்பாலம் ஏறி இறங்குங்கள். ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவுகிறதா? பின்னால் 'ஊ...' என்று இரைச்சல் வந்து, ஆக்சிலேட்டரை விட்டால் அந்தச் சத்தம் மாறுகிறதா? மாறினால் கிரவுன் பக்கம் வேலை. ஆள் இல்லாத இடத்தில் பிரேக் அடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் தாமதமாகத் திரும்பக் கூடாது.

கிலோமீட்டர் மீட்டரை முழுசாக நம்ப வேண்டாம். மீட்டர் 60,000 என்று காட்டும். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, சீட் குழிந்து, ஸ்டியரிங் பளபளத்துப் போயிருக்கும். எது உண்மை என்று நீங்களே முடிவு செய்யலாம். சர்வீஸ் பில் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று இருக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய், அவருடைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

கையெழுத்தும் பணமும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது, வண்டியை ஓட்டுவது, பெயர் மாற்றாமலே இன்னொருவருக்கு விற்பது. ஆர்.சி.யில் பெயர் ஒருவருக்கு, வண்டி ஓட்டுவது நான்காவது ஆள்.

இப்படிப் பல கை மாறிய ஒரு வண்டி 2009-இல் விபத்தில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. யார் கையில் வண்டி இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டு மறந்துபோனவர் தலையில் அந்தப் பொறுப்பு வந்து விழுந்தது.

அதனால் விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் சொல்கிறேன். டெலிவரி நோட்டில் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்லதுதான். ஆனால் அது பெயர் மாற்றம் ஆகாது. சட்டப்படி விற்றவர் படிவம் 29 மூலம், தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் படிவம் 30 மூலம் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் பரிவாகன் தளத்திலேயே செலுத்தலாம்.

சில சிக்கலான நேரங்கள் உண்டு. ஓனர் இறந்துபோய் மகன் விற்கிறார் என்றால், முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி பிடித்து ஏலம் விடும் 'சீசிங் வண்டி' என்றால், படிவம் 36 மூலம் கம்பெனி பெயருக்கு ஆர்.சி. மாறியிருக்கிறதா, அல்லது எப்போது மாறும் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து மாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, இங்கே வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பர்மிட்டும் பார்க்க வேண்டும். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்து 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. பர்மிட்டும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். எடை எவ்வளவு என்று ஆர்.சி.யிலேயே இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் பற்றியும் பலருக்குச் சந்தேகம். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். ஒரே ஆளிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கே அனுப்புங்கள். "புரோக்கர் நம்பருக்குப் போடுங்க" என்றால் வேண்டாம். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். எப்.சி. வேலை, டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம் இவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

வாங்கிய பிறகு நான்கு வேலை

முதலாவது, இன்சூரன்ஸ். ஆர்.சி. பெயர் மாறினால் பாலிசியில் பெயர் தானாக மாறிவிடாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தொடரும். ஆனால் பாலிசி உங்கள் பெயரில் இல்லாதபோது வண்டி அடிபட்டால், உங்கள் சொந்த நஷ்டத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது பெரும் சிக்கல். பாலிசி உண்மையானதுதானா என்று காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பதிவில் இருக்கும் மொபைல் எண். பழைய ஓனரின் எண் அப்படியே இருந்தால் சலான் தகவலும் ஓ.டி.பி.யும் அவருக்குத்தான் போகும். பெயர் மாற்றத்தோடு இதையும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்டேக். பழைய ஓனர் தன்னுடையதை மூட வேண்டும், நீங்கள் உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் சுங்கக் கட்டணம் அவர் கணக்கில் போகும், அவர் அதை நிறுத்தும் நாளில் நீங்கள் சுங்கச்சாவடியில் நிற்பீர்கள்.

நான்காவது, புது ஆர்.சி.யை எம்-பரிவாகனிலோ டிஜிலாக்கரிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலிகளில் காட்டும் ஆவணம் சோதனையின்போது செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோ அந்தக் கணக்கில் வராது.

நிறையச் சொல்லிவிட்டேன். இத்தனையும் ஞாபகம் இருக்காது என்று நினைத்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கே முடிக்கலைன்னா வண்டி போயிடும், இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்கார்" என்று யாராவது அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். சந்தையில் அடுத்த வாரமும் வண்டி இருக்கும். அடகு வைத்த நகை திரும்பி வருமா, அந்த வண்டி உங்களுக்குச் சோறு போடுமா என்பது, வாங்கும் முன் நீங்கள் செலவழிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

உங்களில் யாராவது இந்த மாதம் வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், வண்டி எண்ணை இப்போதே போனில் போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.